பையில் மை ஏன் சரியாக விழவில்லை?

(கூட்டமைப்பின் தொழில் பயிற்சி நாளில், துணிப்பையில் அச்சடிக்கும் குழுக்களுக்காக நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு வரும்போது பழுதான பைகளை எடுத்துக்கிட்டு வாங்க என்று சொல்லியிருந்தோம். கண்காட்சிக்குப் போறதுன்னா நல்ல பையாகப் பொறுக்கி எடுத்து வருவோம். கெட்டதைக் கொண்டு வரச் சொன்னதும் சில பேருக்குச் சங்கடமாகப் போச்சு. ஒரு அக்கா பையைச் சுருட்டிப் புடவைத் தலைப்புக்குள்ளே மறைச்சு வெச்சிருக்காங்க, இங்கிருந்தே தெரியுது. மறைக்க வேண்டாம் அக்கா. டாக்டர்கிட்ட நோயைக் காட்டாமல் மருந்து வாங்க முடியாது.

நான் படித்தது சமூகப்பணி. மை, மெஷ், ஸ்குவீஜி இதெல்லாம் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. திருப்பூர் பக்கம் பிரிண்டிங் பட்டறை நடத்துகிறவர்களிடமும், உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து உங்களிடமும் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு துணிப்பைக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. ஜவுளிக்கடை, மருந்துக்கடை, கல்யாணத் தாம்பூலப் பை, கோயில் விழா என்று ஆர்டர் வருகிறது. வருகிற ஆர்டர் வெறும் பைக்கு இல்லை. பெயர் அச்சடித்த பைக்கு. தைக்கிறதில் நம்ம பெண்களை யாரும் குறை சொல்வதில்லை. பை திரும்பி வருதுன்னா பத்துக்கு எட்டு அச்சுக்காகத்தான் வருது.

திரும்பி வந்தால் என்ன நஷ்டம்னு ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு பை 20 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி, நூல், மை, கூலி எல்லாம் போக 2 ரூபாய் நிற்கிறது. ஒரு பை வீணானால் போவது 2 ரூபாய் இல்லை, 18 ரூபாய். அந்த 18 ரூபாயை ஈடுகட்ட 9 நல்ல பை அடிக்கணும். நூற்றுக்குப் பத்து பை கெட்டுப் போனால் மீதி 90 பையும் அந்தப் பத்துக்கே சரியாப் போயிடும். மாசம் பூரா வேலை செஞ்சும் கையில ஒண்ணும் நிக்கலையேன்னு கேக்கறீங்களே, நிறைய இடத்தில் காரணம் இதுதான்.

ஸ்கிரீன் பிரிண்டிங் என்பது ஒன்றும் மந்திரம் இல்லை. வாசலில் ஓட்டை போட்ட தகர அச்சை வைத்துக் கோலப்பொடியைத் தூவினால் கோலம் விழுகிறதே, அதே வேலைதான். தகரத்துக்குப் பதிலாக ஃபிரேமில் இழுத்துக் கட்டிய பாலியஸ்டர் மெஷ். எழுத்து இருக்கிற இடத்தில் ஓட்டை திறந்திருக்கும், மற்ற இடத்தை எமல்ஷன் அடைத்திருக்கும். பொடிக்குப் பதில் மை, கைக்குப் பதில் ஸ்குவீஜி. அதனால் ஒரு பழுது வந்தால் அது ஐந்து இடத்தில் ஒன்றில் இருந்துதான் வரமுடியும்: ஸ்கிரீன், மை, துணி, கை, சூடு.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க, பழுதான ஒரு பையை மட்டும் பார்க்காதீங்க. வரிசையாகப் பத்துப் பையை விரித்து வைத்துப் பாருங்க. பழுது எல்லாப் பையிலும் அதே இடத்தில் இருந்தால் ஸ்கிரீனில் கோளாறு. ஒவ்வொரு பையிலும் வேறு வேறு இடம் என்றால் தூசி, நூல் பிசிறு, துணி, கை. முதல் பை நன்றாக இருந்து போகப் போக மோசமானால் மை மெஷ்ஷுக்குள்ளே காய ஆரம்பித்துவிட்டது, இல்லைன்னா கை சலிச்சுப் போச்சு. அடிக்கும்போது நன்றாக இருந்து, நனைந்த பிறகு போனால் மைக் கலவை, சூடு, துணி இந்த மூன்றையும் சந்தேகப்படணும். இதை மட்டும் மனசில் வெச்சுக்கிட்டால் பாதிப் பழுதுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்று. சரி பண்ணும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க. மையையும் கெட்டியாக்கி, ஸ்குவீஜியையும் மாத்தி, துணியையும் மாத்தினால், சரியாச்சு என்றாலும் எதனால் சரியாச்சுன்னு தெரியாது. அடுத்த ஆர்டரில் திரும்ப அதே வம்பு.

ஊசிப்புள்ளியை முதலில் பார்ப்போம். எழுத்தே இல்லாத இடத்தில் குட்டிக் குட்டியாக மைப் புள்ளி. எமல்ஷன் பூசும்போது தூசி விழுந்திருக்கும், அல்லது வெளிச்சம் போதாமல் கழுவும்போது கரைந்திருக்கும். வேற ஊரில் இது சின்னப் பழுது. நம்ம எழுத்துக்கு இது பெரிய பழுது. 'க' மேலே ஒரு புள்ளி விழுந்தால் அது 'க்' ஆகிவிடும். அதேபோல உண்மையான புள்ளி அடைபட்டுப் போனால் 'கார்த்திக்' என்ற மாப்பிள்ளை 'கார்த்திக' ஆகிவிடுவார். கல்யாண வீட்டில் சும்மா விடுவாங்களா? ஸ்கிரீனைக் கழுவிக் காயவைத்த பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நட்சத்திரம் மாதிரி மின்னும். அந்தப் புள்ளிகளைச் சின்ன பிரஷ்ஷால் எமல்ஷன் தொட்டு அடைத்து, திரும்ப வெயில் காட்டினால் போதும். அவசரத்துக்கு அடியில் டேப் ஒட்டலாம். முதல் பை அடித்ததும் டிரேசிங்கை பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக, புள்ளி புள்ளியாக இரண்டு பேர் படிக்கணும். எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி வாய்விட்டுப் படிக்க, இன்னொருத்தி பார்க்கணும். தேதியும் மண்டபத்துப் பேரும் அதோட சேர்த்தி. அந்த முதல் பையிலேயே ஆர்டர் கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேச்சு மாறாது.

ஸ்கிரீன் சீக்கிரமே உரிந்து போகுது, எழுத்து ஓரம் கரையுதுன்னு மழைக்காலத்தில் நிறைய புகார் வரும். ஐப்பசி, கார்த்திகையில் எமல்ஷன் உள்ளுக்குள் காய்வதே இல்லை. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். ஈரம் இருக்கும்போது வெளிச்சம் காட்டினால் அது இறுகாது, கழுவும்போது போய்விடும். இருட்டு அறையில் ஃபேன் போட்டு நன்றாகக் காயவிடுங்கள். வெயிலில் எக்ஸ்போஸ் பண்ணுகிறவர்கள் மேகத்தைப் பார்த்து நேரத்தைக் கூட்டணும். எவ்வளவு என்று கேட்டால் நான் சொல்ல மாட்டேன், ஏன்னா உங்க எமல்ஷன் வேற, உங்க ஊர் வெயில் வேற. எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க ஒரு துளி மாவு போட்டுப் பார்க்கிறோமே, அதுபோலத் துண்டு ஸ்கிரீனில் நேரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

எமல்ஷன் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லியே ஆகணும். ஆரஞ்சு நிற உப்பு மாதிரி அமோனியம் பைக்ரோமேட் கலந்து பூசுகிற பழக்கம் இன்னும் சில இடத்தில் இருக்கிறது. மலிவுதான். ஆனால் அது குரோமியம். ராணிப்பேட்டை பக்கம் நிலத்தடி நீரைக் கெடுத்தது இந்த வகைக் குரோமியம்தான். தோலில் பட்டால் புண், நாள்பட்டால் புற்றுநோய்க்கும் வழி. டயஸோ எமல்ஷன், அல்லது எதுவும் கலக்க வேண்டாத ரெடி எமல்ஷன் கிடைக்கிறது, அதை வாங்குங்க. கொஞ்சம் விலை கூடத்தான். பைக்ரோமேட் கலந்து பூசிய ஸ்கிரீன் இருட்டில் வைத்தாலும் தானாக இறுகிப் போகும், நேற்று பூசியது இன்று எழுத்து திறக்காது. டயஸோ அப்படிப் படுத்தாது. வீணாகிற ஸ்கிரீனைக் கணக்கில் எடுத்தால் மலிவு என்பதும் அவ்வளவு மலிவு இல்லை. எது பூசினாலும் கையுறை போடுங்க, கழுவின தண்ணியைக் கிணற்றடியிலும் மாடு குடிக்கிற இடத்திலும் விடாதீங்க.

இப்போது உங்களில் அதிகம் பேர் கொண்டு வந்திருக்கிற பழுது. மை பரவிப் போச்சு, எழுத்து ஓரம் பிசிறடிக்குது, 'ண' சுழி எல்லாம் அடைச்சுக்கிட்டுக் கரும்புள்ளியா நிக்குது.

மை தண்ணியாக இருந்தால் பரவும், இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மை சரியாக இருந்தும் பரவுதே என்று கேட்பவர்கள் நான்கு விஷயத்தைப் பாருங்க. ஸ்குவீஜியின் ரப்பர் முனை மழுங்கியிருக்கிறதா? அரிவாள்மணை மழுங்கினால் காய் நசுங்குகிற மாதிரி, ரப்பர் மழுங்கினால் மை வெட்டுப்படாமல் பிதுங்கும். ஒரு தட்டையான பலகையில் உப்புத்தாளை ஒட்டி ரப்பரை நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்தால் முனை திரும்பிவிடும். இரண்டாவது, ஸ்குவீஜியைப் படுக்கவைத்து இழுக்கிறீர்களா? எவ்வளவு படுக்கிறதோ அவ்வளவு மை கூட இறங்கும். கொஞ்சம் நிமிர்த்தி, செங்குத்துக்குச் சற்றே சாய்வாகப் பிடிக்கணும். மூன்றாவது, ஸ்கிரீன் துணிமேலே அப்படியே படுத்திருக்கிறதா? படுக்கக் கூடாது. ஒரு ரூபாய்க் காசு இரண்டை அடுக்கினால் வருகிற உயரத்துக்கு ஃபிரேமின் மூலைகளில் அட்டை ஒட்டித் தூக்கி வையுங்கள். ஸ்குவீஜி போகிற இடத்தில் மட்டும் மெஷ் துணியைத் தொட்டு, போன உடனே எழும்பணும். எழும்பாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் மை அடியில் ஊறும். இடைவெளி விட்டும் எழும்பவில்லை என்றால் மெஷ் தொய்ந்துவிட்டது, திரும்ப இழுத்துக் கட்டணும்.

நான்காவது, மெஷ் எண். கெட்டியான பருத்தித் துணிக்கு ஒரு சென்டிமீட்டரில் 43 முதல் 55 இழை உள்ள மெஷ் வழக்கமாகச் சரியாக இருக்கும். காகிதத்துக்கும் மெல்லிய எழுத்துக்கும் இதைவிட நெருக்கமானது வேணும். கடையில் கேட்காமல் கொடுத்ததை வாங்கி வராதீங்க. சில நேரம் தவறு நம்மிடமே இல்லை, டிசைனில் இருக்கும். கம்ப்யூட்டர் சென்டரில் முடி மாதிரி மெல்லிய எழுத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். திரையில் பார்க்க அழகு. முரட்டுத் துணியில் அது நிற்காது. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான கோடு எங்கள் பைக்கு வேண்டாம், எழுத்தைத் தடிமனாகப் போடு தம்பி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தைத்த பையில் அடிக்கிறவர்களுக்கு ஒரு தனித் தொல்லை. ஓரத் தையலும் மடிப்பும் மேடாக இருக்கும், அதன் பக்கத்தில் மை குழம்பும், பின்பக்கமும் ஊறும். உள்ளே வழுவழுப்பான அட்டை வைத்து அடிக்கலாம். ஆனால் என்னைக் கேட்டால் வெட்டின துணியிலேயே அடித்துவிட்டுப் பிறகு தையுங்கள் என்பேன். சமமாகப் படுக்கும். கெட்டுப் போனாலும் துணிதான் போச்சு, தையல் கூலி போகாது. அந்தத் துண்டைப் பைக்கு உள் பாக்கெட்டாகவோ கைப்பிடி உள்பட்டையாகவோ கூடத் திருப்பி வைத்துத் தைக்கலாம்.

மை விட்டு விட்டு விழுகிறது என்ற பழுது இதற்கு நேர் எதிர். இது சித்திரை வைகாசிப் பழுது. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து தண்ணீர் மையில் அடித்தால் இருபதாவது பையிலேயே மெஷ் கண் அடைக்க ஆரம்பிக்கும். நமக்கு வியர்க்குதேன்னு ஃபேனை மேசைப் பக்கம் திருப்பி வைப்போம், மை இன்னும் சீக்கிரம் காயும். ஃபேன் ஆள்மேல் படட்டும், ஸ்கிரீன்மேல் வேண்டாம். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து பதினோரு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒவ்வொரு பை அடித்த பிறகும் ஸ்கிரீனைத் தூக்கிப் பிடித்து, அழுத்தாமல் லேசாக மையை ஒருமுறை இழுத்து எழுத்துமேல் மூடி வையுங்கள். திறந்த கண் மூடியிருந்தால் உள்ளே காயாது. யாராவது கூப்பிட்டாங்க, பிள்ளை அழுதது, போன் வந்தது என்று நடுவில் எழுந்து போகிறோமே, அங்கேதான் ஸ்கிரீன் சாகிறது. ஐந்து நிமிடம் போவதானாலும் மையை மூடிவிட்டு ஈரத்துணி போர்த்திவிட்டுப் போங்க. அடைத்துக்கொண்டால் நகத்தால் சுரண்டாதீங்க. ஈரப் பஞ்சால் இரண்டு பக்கமும் ஒத்தி எடுங்க. மை காயாமல் இருக்க யூரியா, கிளிசரின் கொஞ்சம் சேர்ப்பது உண்டு. அளவு கூடினால் அச்சும் காயாது, கவனம்.

ஒரு பக்கம் அழுத்தமாகவும் மறு பக்கம் வெளுத்தும் விழுகிறதா? மைக்கும் ஸ்கிரீனுக்கும் ஒரு குறையும் இருக்காது. மேசை உயரத்தைப் பாருங்கள். நம்ம பெண்கள் பல பேர் ஐந்தடிக்கும் கீழே. பட்டறையில் ஆண்கள் நின்று வேலை செய்ய அடித்த மேசையை அப்படியே வாங்கி வந்துவிடுகிறோம். குள்ளமானவர் எக்கி இழுத்தால் அந்தக் கோடியில் அழுத்தம் எப்படி வரும்? காலுக்கு அடியில் ஒரு பலகை போடுங்க. ஒரு குழுவில் இதைச் செய்ததும் அச்சும் சரியாச்சு, அந்த அக்காவின் தோள்வலியும் குறைஞ்சுது. ஐம்பது பைக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்க. ஒருத்தியே நாள் முழுக்க இழுத்தால் சாயங்காலப் பை வெளுத்துத்தான் இருக்கும், அது அவள் குற்றமில்லை.

எழுத்துக்கு நிழல் விழுவது, இரண்டு கலர் ஒன்றோடொன்று சேராமல் விலகுவது, இதெல்லாம் ஏதோ ஒன்று ஆடுகிறது என்று அர்த்தம். துணி நகராமல் மேசையில் பசை போடணும், கீல் ஆணியை முறுக்கணும், துணி வைக்கிற மூலையில் அட்டையால் அளவு ஒட்டணும். முடிஞ்சுது. அடித்த பையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடுத்த பையின் முதுகில் மை ஒட்டும். கொடியில் போட்டுக் காயவிட்டுத்தான் அடுக்கணும்.

மஞ்சள் துணியில் நீலம் அடித்துப் பச்சையாக வந்துவிட்டது என்று ஒரு குழு வருத்தப்பட்டீர்கள். பிக்மென்ட் மை கண்ணாடி மாதிரி, அடி நிறம் தெரியும். சிவப்பும் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் போகும். அதனால் வெள்ளைத் துணியில் மாதிரி காட்டி மஞ்சள் துணிக்கு ஆர்டர் வாங்காதீங்க. எந்தத் துணியோ அதிலேயே மாதிரி. அடர்ந்த நிறத்துணிக்குக் காடி மாதிரி மூடுகிற மை வேணும்.

இனி சாயம் போவதைப் பற்றி. இதை நிதானமாகப் பேசணும், ஏன்னா இதில் பணம் மட்டும் போகவில்லை.

போன வருஷம் நம்ம குழு ஒன்றுக்கு 400 தாம்பூலப் பை ஆர்டர் வந்தது. மஞ்சள் துணி, சிவப்பு எழுத்து. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கல்யாணத்தன்று தேங்காய் ஈரமும் வெற்றிலை ஈரமும் பட்டு, சில பைகளில் சிவப்பு இளகி வந்திருக்கிறவர்களின் வேட்டியிலும் பட்டுப்புடவையிலும் ஒட்டிவிட்டது. பாக்கிப் பணம் வரவில்லை. அந்த மாத வங்கித் தவணைக்கு உள்கடன் எடுத்தார்கள். அதைவிட மோசம், குழுவுக்குள் யார் செய்தது என்ற பேச்சு. மை கலந்தது புதிதாகச் சேர்ந்த ஒரு இளம்பெண். 'அவ கலந்ததுதான் சரியில்ல' என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பொண்ணு இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்பை மட்டும் தம்பியிடம் கொடுத்து அனுப்பினாள்.

நாங்கள் போனபோது மிச்சம் கிடந்த பைகளைத் தரையில் விரிக்கச் சொன்னோம். ஒவ்வொன்றையும் ஈர வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்துப் பார்த்தோம். சிவப்பு வந்தது ஒரு குவியல், வராதது ஒரு குவியல். ஒரே நாள், ஒரே டப்பா மை, ஒரே இஸ்திரிப் பெட்டி. பிறகு எப்படி இரண்டு குவியல்? ஒரு வயசான அம்மாதான் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, 'இது ரெண்டும் ஒரே தான் துணி இல்லையே' என்றார். முதல் தானில் துணி பற்றாமல், இரண்டாவது தான் வேறு கடையில் எடுத்திருக்கிறார்கள். டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டோம். சாயம் போகாத பையில் அயோடின் பழுப்பாகவே நின்றது. சாயம் போன பையில் கருநீலமாக மாறியது. கஞ்சி!

விசைத்தறியில் ஓடும்போது பாவு நூல் அறாமல் இருக்கக் கஞ்சி போடுவார்கள். தறியிலிருந்து நேராக வருகிற காடா துணியில் அந்தக் கஞ்சி அப்படியே இருக்கும். நூல் மேலே ஒரு படலம். அந்தப் படலத்துக்கு மேலேதான் நம்ம மை உட்காருது. ஈரம் பட்டால் கஞ்சி இளகும், மையும் கூடவே வரும். கஞ்சியை முழுக்க எடுக்காமல் மேலோட்டமாக மஞ்சள் ஏற்றி விற்கிற துணியிலும் இதே கதைதான். அந்தப் பொண்ணு கலந்த கலவையில் ஒரு குறையும் இல்லை. இதை அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டிலேயே எழுதினார்கள். எழுதியதற்குப் பிறகுதான் அவள் வந்தாள்.

ஆகவே தான் துணி வாங்கியதும் ஒவ்வொரு தானிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் நல்லது. முத்து மாதிரி நின்றால் கஞ்சியோ மெழுகோ இருக்கிறது. தண்ணீர்ச் சொட்டு, அயோடின் இரண்டும் பாருங்கள், ஏன்னா எல்லாக் கஞ்சியும் மாவுக் கஞ்சி இல்லை, செயற்கைப் பசைக் கஞ்சி அயோடினில் கருநீலமாகாது. கஞ்சி இருந்தால் ராத்திரி முழுக்க ஊறவைத்து, சலவை சோடாவும் சோப்பும் போட்டுக் கொதிக்கவைத்து அலசிக் காயவைக்கணும். துணி சுருங்கும், அதனால் வெட்டுவதற்கு முன்னாலேயே செய்யணும். நிறம் ஏற்றிய துணியை இப்படிக் கொதிக்கவைக்க முடியாது, அந்த நிறமே போய்விடும். அதைச் சோதனையில் தேறினால் வாங்குங்கள், இல்லாவிட்டால் கடைக்காரரிடமே திருப்புங்கள். ஈர வெள்ளைத்துணியால் வெறும் துணியையும் தேய்த்துப் பாருங்க, மஞ்சளே ஒட்டுச்சுன்னா அந்தத் துணியே வேண்டாம்.

துணி நல்லதாக இருந்தும் சாயம் போனால் மைக் கலவையைப் பாருங்கள். பிக்மென்ட் என்பது நூலுக்குள் போய்ச் சேர்கிற சாயம் இல்லை. அது வெறும் நிறப்பொடி. அதைத் துணியில் பிடித்து வைக்கிற பசைதான் பைண்டர். நிறம் தூக்கலாக வேணும் என்று பிக்மென்ட்டை அள்ளி ஊற்றினால் அத்தனைக்கும் பசை பற்றாது, மிச்சம் கையில் ஒட்டும். பயந்துபோய் பைண்டரை அதிகம் ஊற்றினால் அச்சு அட்டை மாதிரி விறைக்கும். டப்பாவில் போட்டிருக்கிற அளவைத் தராசில் நிறுத்துப் போடுங்க. குழம்புக்குப் போடுகிற மாதிரி கண்ணளவு இங்கே செல்லாது. ஃபிக்ஸர் கலந்த மையை அன்றே தீர்த்துவிடணும், மறுநாளுக்கு மூடி வைக்க வேண்டாம்.

கடைசியாகச் சூடு. பைண்டர் இறுகுவதற்கு சுமார் 150 டிகிரி சூடு மூன்று நான்கு நிமிடம் வேணும். காய்ந்தது வேற, வெந்தது வேற. கொடியில் காய்ந்த அச்சு, வேகாத சோறு மாதிரி. நன்றாகக் காய்ந்த பிறகு மேலே ஒரு துணியைப் போட்டு, இஸ்திரிப் பெட்டியைப் பருத்தி அளவில் வைத்து, எழுத்தின் எல்லா இடத்துக்கும் சூடு போகிற மாதிரி மெதுவாக நகர்த்தணும். மண்ணெண்ணெய் சேர்ந்த பேஸ்ட்டாக இருந்தால் காயாத பை பக்கத்தில் இஸ்திரியே கொண்டு போகாதீங்க.

ஒரு பைக்கு 3 நிமிடம் என்றாலும் 400 பைக்கு 20 மணி நேரம். அதனால்தான் எல்லோரும் இந்த இடத்தில் ஓட்டிவிடுகிறோம், ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு அடுத்த பை. கோபித்துக்கொள்ளாதீங்க, நான் பார்த்திருக்கிறேன். நாலு வீட்டில் நாலு பெட்டி வைத்தால் ஆளுக்கு 5 மணி நேரம். விலை பேசும்போதே இந்த இஸ்திரிக் கூலியையும் கரண்டையும் சேர்த்துப் பேசுங்க. சூடில்லாமலே இறுகுகிற ஃபிக்ஸரும் இருக்கிறது, ஆனால் அதற்கு நாள் கணக்கில் விடணும். கல்யாணத்துக்கு முந்தின நாள் அடித்துக் கொடுக்கிற பைக்கு அது உதவாது. முகூர்த்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி அச்சு முடியாது என்றால் அந்த ஆர்டரை வாங்கலாமா வேண்டாமா என்று குழுவில் பேசி முடிவெடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இருபது பைக்கு ஒரு பை எடுத்து, ஒரு பக்கம் காய்ந்த வெள்ளைத் துணியாலும் இன்னொரு பக்கம் ஈரத் துணியாலும் பத்துப் பத்து முறை தேய்த்துப் பாருங்க. ஒட்டினால் அந்த இருபதும் திரும்ப இஸ்திரிக்கு. தேய்த்த வெள்ளைத் துணியில் தேதி எழுதி ஆர்டர் நோட்டில் குத்தி வையுங்கள். எந்தக் கடைத் துணி, எந்த மை, எத்தனை கிராம், யார் எத்தனை பை அடித்தது, எத்தனை கெட்டது, இது ஒரு பக்கம் போதும். ஆளைக் குற்றம் சொல்ல எழுதுகிற நோட்டு இல்லை இது. ஆள் பேர் அடிபடாமல் இருக்கத்தான் இந்த நோட்டு.

நெய்யாத பையில், அதுதான் 'நான் ஓவன்' என்கிறோமே, அதில் மை உரியுது என்று கேட்டிருக்கிறீர்கள். அது துணியே இல்லை, பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். தண்ணீர் மை அதில் நிற்காது. நம்ம மாநிலத் தடைப் பட்டியலிலும் அது இருக்கிறது. அந்த ஆர்டரே நமக்கு வேண்டாம்.

இப்போ சாப்பாட்டுக்கு முன்னே ஒரு வேலை. கொண்டு வந்த பைகளை அந்தப் பெரிய பாயில் விரியுங்கள், குழுப் பேர் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் சுத்தி நின்னு பார்த்து, ஸ்கிரீனா, மையா, துணியா, கையா, சூடானு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீட்டு எழுதிப் போடுங்க. அயோடினும் வெள்ளைத் துணியும் மேசைமேல் இருக்கு. அக்கா, அந்தத் தலைப்புக்குள்ளே இருக்கிறதை முதல்ல எடுங்க.